ஒரு சொட்டுக்குக் கால் மணி நேரம்

புதன்கிழமை, பகல் 12.40. மைக்ரோஸ்கோப் திரையில் மருந்து விட்ட செல்கள் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. இருட்டியிருக்க வேண்டும்.

"பாத்தீங்களா? மருந்து வேலை செய்யல. அந்தப் பொண்ணு எழுதினதெல்லாம் கட்டுக்கதை," என்றார் புரொபசர்.

அந்தப் பொண்ணு ஆராய்ச்சி மாணவி, எல்லோருக்கும் சிட்டு. நுரையீரல் புற்றுநோய்ச் செல்லுக்குள் 'வளரு, வளரு' என்று உத்தரவு கடத்துகிற புரதம் ஒன்று உண்டு. அதில் போய் ஒட்டிக்கொண்டு உத்தரவை நிறுத்துகிற சின்ன மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு நாலு வருடம் மாரடித்தவள். உத்தரவு ஓடினால் செல் பச்சையாக ஒளிரும், நின்றால் இருட்டு. அவள் கையில் மூன்று முறை இருட்டியது. புரொபசர் சரிபார்த்தபோது இருட்டவில்லை. நாலு மணிக்கு விசாரணைக் கமிட்டி. மோசடி என்று முடிவானால் பட்டம் போச்சு.

1.15. நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி விசாரிக்க ஸ்டோருக்கு வந்தார். இருபது வருடம் போலீஸில் இருந்த பெண்மணி. ஸ்டோர் கீப்பர் எதையும் பூட்டாமல் விடமாட்டார். அதனால் பூட்டு அண்ணன்.

"சிட்டுவோட மருந்துக் குப்பி எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு மேடம். செய்யவே எட்டு மாசம் ஆச்சாம். ஃபிரிட்ஜ்ல நாலு டிகிரில கிடக்கு. சாவி என் இடுப்புல."

"யார் யார் எடுத்தாங்க?"

ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்.

திங்கள்: சிட்டு. வெளியே 3.05, உள்ளே 3.20.
செவ்வாய்: புரொபசர். வெளியே 5.30, உள்ளே 5.50. லேபிள் சரிபார்க்க.
புதன்: புரொபசர். வெளியே 9.10, உள்ளே 9.12. சோதனைக்கு.

"அதுக்கு முன்னாடி?"

"சிட்டுதான். எப்பவும் கால் மணி நேரம். ஒரு சொட்டு எடுக்க என்னம்மா தவமா பண்றேன்னு கேப்பேன். சிரிச்சிட்டுப் போயிடும்."

1.30. புரொபசரின் அறை.

"அதைத்தான் நானும் கேக்கறேன். கால் மணி நேரம் அவளுக்கு என்ன வேலை? எனக்கு ரெண்டே நிமிஷம். எடுத்தேன், உறிஞ்சினேன், செல்லுல விட்டேன்."

"குப்பியில வித்தியாசமா ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் இல்ல. வழக்கம்போலத்தான் இருந்தது."

2.05. சிட்டுவின் கண்கள் வீங்கியிருந்தன.

"அழுதது போதும். கால் மணி நேரம் என்ன பண்ணுவே?"

"குப்பியைக் கையில பொத்தி வச்சிருப்பேன் மேடம்."

"எதுக்கு?"

"உருகணுமே. மருந்து தண்ணில கரையாது. டி.எம்.எஸ்.ஓ.ன்னு ஒரு திரவத்துல கரைச்சிருக்கோம். பதினெட்டு டிகிரிக்குக் கீழ போனா அது உறைஞ்சிடும்."

"புரொபசருக்கு இது தெரியுமா?"

"எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவர்தான்."

4.00. கமிட்டி அறை. பூட்டு அண்ணன் ஃபிரிட்ஜிலிருந்து நேராக இரண்டு குப்பிகளைக் கொண்டுவந்து வைத்தார். அதிகாரி ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"இது வெறும் டி.எம்.எஸ்.ஓ. அசையுதா? கல்லு மாதிரி இருக்கு. இப்ப சிட்டுவோட குப்பி."

உள்ளிருந்தது மூடிக்கு ஓடியது.

"இது தண்ணி."

"அப்போ அவதான் மாத்தியிருக்கா! திங்கக்கிழமையே!" புரொபசர் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க சார். திங்கக்கிழமையே மாறியிருந்தா, செவ்வாயும் புதனும் உங்க கைக்கு வந்தது தண்ணி. கல்லா இருக்க வேண்டியது ஓடுதேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? வழக்கம்போல இருந்துச்சுன்னீங்க. உருகட்டும்னு காத்திருக்கவும் இல்ல. உள்ள தண்ணின்னு தெரிஞ்ச ஆளுக்குத்தான் ரெண்டு நிமிஷம் போதும்."

"லேபிளைப் பாத்தேன்..."

"லேபிள் படிக்க இருபது நிமிஷமா? செவ்வாய்க்கிழமை அது இன்னும் மருந்து. உருக்கணும், வேற குப்பிக்கு மாத்தணும், தண்ணி ஊத்தணும். அதுக்குத்தான் இருபது நிமிஷம்."

எல்லோரும் அந்தக் கால் மணி நேரத்தைச் சந்தேகப்பட்டார்கள். ரெண்டு நிமிஷத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கமிட்டித் தலைவரான டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்யா?"

"உத்தரவு வேற புரதம் வழியா போகுதுன்னு பதினஞ்சு வருஷமா எழுதிட்டிருக்கேன். இவ சொல்றது சரின்னா எனக்கு என்ன மிச்சம்?"

"மருந்து எங்க? கொட்டிட்டீங்களா?" அதிகாரி கேட்டார்.

"என் ரூம்ல இருக்கு. எட்டு மாச உழைப்பு... கொட்ட மனசு வரல."

"உங்க செல்லுல விட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். இன்னிக்குக் காலையில. தனியா, இன்னொரு தட்டுல."

"என்ன ஆச்சு?"

புரொபசர் கமிட்டியைப் பார்க்கவில்லை, சிட்டுவைப் பார்த்தார்.

"இருட்டிடுச்சும்மா."

சிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டைத் திறந்தாள், தேதி போட்டாள்.

"என்ன அளவுல விட்டீங்க சார்?"