இடப்பக்கப் பானை

பென்னாகரம் சாலையோரம் இருந்த பச்சியப்பனின் ஓட்டு வீட்டுக்கு ரேடியோ மெக்கானிக் கரீம் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். வாசலிலேயே வசவு காத்திருந்தது.

“காலையிலயே வரச் சொன்னா இப்பத்தான் விடிஞ்சுதா, பாய்? பொண்ணு வூட்டுக்காரங்க வர்ற நேரம். செட்டு பாடலேன்னா என் மானம் போயிரும்.”

பச்சியப்பனின் மனைவி செல்லி கிணற்றில் விழுந்து இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மறுமணத்துக்கு முன் யாரும் பழைய கதையைக் கிளறிவிடக்கூடாது என்பதே அவனுடைய ஒரே கவலை. அந்தக் கவலையும் அவனிடத்தில் கோபமாகத்தான் வெளிப்பட்டது.

ஒலி கனமாக விழவேண்டுமென்று, பலரும் செய்வதைப்போல, இரண்டு மண்பானைகளின் வாயில் ஸ்பீக்கர்களைப் பொருத்தியிருந்தான். டேப்பைப் போட்டதும் வலப்பக்கம் பாட்டுத் தெளிவாக வந்தது. இடப்பக்கமோ, நீருக்குள் அமிழும் குடம்போலக் களக், களக் என்றது.

கரீம் ஒயர்களை மாற்றிச் செருகினார். கோளாறு இடப்பக்கமே நின்றது.

“செட்டுல பழுதில்லீங்க.”

ஸ்பீக்கர்களையே கழற்றி இடம் மாற்றினார். அப்போதும் இடப்பக்கந்தான்.

“ஸ்பீக்கர்லயும் இல்ல. பானைதாங்க.”

“பானைக்கு என்னய்யா பழுது? சளியா புடிச்சிருக்குது?”

கரீம் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு உள்ளே கைவிட்டுத் துழாவினார். சொட்டு ஈரமின்றிக் காய்ந்திருந்தது. ஆனால், கிணற்றுப் பாசியின் வாடை குப்பென்று எழுந்தது.

“இது ஏதுங்க?”

“செல்லி பொணத்தோட கெணத்துல இருந்து மேல வந்தது. ஒரு கீறல் இல்ல.”

“சாவு வூட்டுப் பானைய உங்காளுங்க ஒடச்சுப் போட்ருவாங்களே!”

“புதுப் பானைய ஒடைக்க எனக்கென்ன கிறுக்கா?”

கரீம் கரண்ட்டையே நிறுத்தினார். பாட்டு நின்றது.

இடப்பக்கப் பானை நிற்கவில்லை.

களக். களக். அதன்பின், கல்லை நகங்கள் பிறாண்டும் ஒலி. அதன்பின், ஒரு பெண்குரல்.

“மாமா... கயித்த வுட்டுடாதீங்க, மாமா...”

கரீம் பின்வாங்கினார். “கயிறு கைய அறுத்துக்கிட்டு நழுவிருச்சுன்னு ஊருக்கே சொன்னீங்களே...”

“வாய மூடுய்யா!”

செல்லி இறந்த அன்று பச்சியப்பனின் உள்ளங்கையில் ஒரு கீறலும் இல்லை. அதை யாரும் விரித்துப் பார்க்கவுமில்லை. கை தவறிப் பானையைக் கிணற்றில் போட்டவளை, “நீயே எறங்கி எடு” என்று கயிறு கட்டி இறக்கியவன் அவன்தான். பாதி ஆழத்தில் அவள் கெஞ்சியதும், அந்தக் கெஞ்சலே எரிச்சலூட்டியதும், விரல்களை விரித்ததும் அவனுக்கு மட்டுமே தெரியும்.

கரீம் சாமான் பையைக்கூட எடுக்காமல் ஓடினார்.

பச்சியப்பன் பானையைத் தூக்கிச்சென்று குப்பைமேட்டில் ஓங்கி அடித்தான். “செத்தும் தொல்லையாடி?” பானை ஓடுகள் சிதறின.

அமைதி.

சற்று நேரத்தில், அவன் கட்டவிருந்த பெண்ணின் தாய் ராமக்காள் வந்தாள். மறுபடி கரண்ட் கொடுத்ததும் ஒற்றை ஸ்பீக்கரிலும் பாட்டு நன்றாகவே ஒலித்தது. பச்சியப்பன் சிரித்தான். கால் கழுவப் புறக்கடைக்குச் சென்ற ராமக்காள், செம்பும் கையுமாகத் திரும்பிவந்தாள்.

“ஏன் தம்பி, மழையே இல்ல, குப்பமேட்டு ஓட்டுல எல்லாம் தண்ணி நிக்குது. ஒவ்வொண்ணுலயும் ஒரு பொம்பள கயித்தக் கேக்கறாளே... யாருங்க அவ?”

அவன் வாய் திறக்குமுன் உள்ளங்கை எரிந்தது. விரித்துப் பார்த்தான். குறுக்கே கயிறு அறுத்த புதுக்காயம். அதில் ஈரமான தேங்காய்நார்.

கையை உதறினான்.

கிணற்றுப் பக்கமாக ஏதோ அவனை இழுத்தது.