ஐந்தாவது கட்டம்

ஆழித்துறையில் விடிந்ததும் முதல் வேலை உண்மை பேசுவது. பல் தேய்க்கத் தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

கடல்மேல் மிதந்த அந்த நகரத்தின் ஒவ்வொரு தளத்திலும் ஒரு குழாயடி இருந்தது. குழாயடிக்கு ஒரு மெய்மானி. இரண்டு உள்ளங்கைகளையும் அதன் கண்ணாடித் தகட்டில் பதித்து, "நேற்று என் பங்குக்கு மேல் ஒரு சொட்டும் எடுக்கவில்லை" என்று சொல்ல வேண்டும். நாடியையும் மூச்சையும் தோலின் ஈரத்தையும் அது படித்துப் பார்க்கும். பச்சை எரிந்தால் குடம் நிறையும். சிவப்பு எரிந்தால் வரிசையில் நிற்பவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள்.

நூரிக்கு அன்றும் பச்சைதான். ஆனால் குடம் பாதியோடு நின்றுவிட்டது. மூன்று வருடமாக அப்படித்தான். நகரத்தின் ஒருமைச் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் இன்ன மதம் என்று காட்டும் ஒரு நெறிக்குறி வேண்டும். பதிவுப் படிவத்தில் அதற்கு நான்கு கட்டங்கள் இருந்தன. மூன்று, அங்கீகரிக்கப்பட்ட நெறிகளுக்கு. நான்காவது, ‘எதுவுமில்லை’. நூரியும் அவள் கணவர் மாசிலாமணியும் பஹாய் நெறியைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாதவர்களுக்குக் கல்லூரி இல்லை, வேலைச்சீட்டு இல்லை, செத்தால் கல்லறைத் தளத்தில் ஆறடி இடமும் இல்லை. தண்ணீரில் மட்டும் பாதி தந்தது நகர மன்றத்தின் தாராள மனசு.

"ஏளா நூரி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போ. மூஞ்சி வாடிக் கெடக்கு," என்றாள் அடுத்த வீட்டு பவுலின். கடற்பாசி விற்பவள். முதல் கட்டத்துக்காரி, முழுக் குடம்.

"இன்னிக்கு நோன்பு கடைசி நாள், அக்கா. சூரியன் விழட்டும்."

"சூரியன் விழுந்தா அவரக் கப்பல் ஏத்திருவானுவளே, அத நெனச்சியா?"

வேறு எதை நினைத்தாள் நூரி? மூன்று வருடமாகச் சிறையில் இருந்த மாசிலாமணியை அன்று சூரியன் மறைந்ததும் தூரத்திட்டுக்கு அனுப்புவதாக உத்தரவு வந்திருந்தது. நானூறு கடல்மைலுக்கு அப்பால் ஒரு பழைய எண்ணெய்த் தளம் அது. அங்கே போய்விட்டவருக்காக யாரும் மனுப் போட முடியாது. இருட்டுவதற்குள் அவர் விடுதலைக்கு நாற்பது மனு சேர்ந்தாக வேண்டும்.

மனு என்றால் எழுதிக் கொடுப்பது அல்ல. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்ததாம். பிறகு தானாக எழுதும் இயந்திரங்கள் வந்து நாளொன்றுக்கு ஒரு கோடி மனுக்களைக் கண்ணீர் சொட்டச் சொட்ட எழுதித் தள்ளின. மன்றம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது. இப்போது மனுதாரர் நேரில் வந்து மெய்மானியில் கை வைத்து, ‘இவர் விடுதலையாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பச்சை எரிந்தால்தான் கணக்கு. அதிலும் சொந்தபந்தமும் ஒரே நம்பிக்கைக்காரர்களும் சொன்னால் செல்லாது. அயலார்தான் சொல்ல வேண்டும். கட்டிய மனைவி மூன்று வருடம் மனதார விரும்பியதற்கு அந்த நகரத்தில் விளக்கு எரியாது.

மாசிலாமணி வெளியே வர இன்னொரு வழியும் இருந்தது. ஒவ்வொரு காலையும் அவரை மெய்மானி முன் உட்காரவைத்து, ‘நான் பஹாய் அல்ல’ என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னால் சிவப்புதான் எரியும். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் சிவப்பு எரிந்தாலும் பரவாயில்லை என்று மன்றம் தனியாக ஒரு விதி எழுதி வைத்திருந்தது. பொய்யை ஒழிக்கக் கருவி செய்தவர்கள் ஒரே ஒரு பொய்க்காகத் தினமும் தவம் கிடந்தார்கள். மாசிலாமணி தினமும் காலை வணக்கம் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினார்.

அவர் உள்ளே போன கதையை நகரமே சொல்லிச் சிரிக்கும். பஹாய்களுக்குக் குருமார் கிடையாது. தங்களுக்குள் தேர்ந்தெடுத்த ஒன்பது பேர் சபைதான் எல்லாம். கல்லூரி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் பாடம் நடத்தினார்கள் என்று அந்த ஒன்பது பேரையும் பிடித்தார்கள். மாசிலாமணியின் முறை வந்தபோது பதிவு அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, நான்காவது கட்டத்தில் தானே ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டு, "போய்ட்டு வாங்க" என்றார். எதுவுமில்லை என்று பதிவானவர்மேல் வழக்கு நிற்காது. மாசிலாமணி வாசல்வரை வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் படித்தார். திரும்பி உள்ளே போனார்.

"ஐயா, படிவத்துல ஒரு பிழை இருக்கு," என்றார்.

அதைக் கேட்ட அன்று நூரி சிரித்தாள், தட்டைத் தூக்கி எறிந்தாள், அழுதாள். எல்லாம் கால்மணி நேரத்துக்குள்.

மனுக்கூடத்துக்கு எட்டு மணிக்கே போய்விட்டாள். சாளரத்துக்குப் பின்னால் வேதாசலம் உட்கார்ந்திருந்தார். அன்று கோடு போட்ட அதிகாரி இவர்தான். மாசிலாமணி பிழையைச் சுட்டிக்காட்டியதில் இவர் செய்த உபகாரம் அம்பலமாகி, பதவி இறங்கி, இந்த இருட்டுச் சாளரத்துக்கு வந்தவர். அதற்குப் பிறகு அதிகாரிகளும் தாங்கள் நிரப்பும் ஒவ்வொரு படிவத்துக்கும் மெய்மானியில் கை வைத்தாக வேண்டும் என்று புது விதியும் வந்தது. அந்தக் கோபத்தில் வேதாசலம் மூன்று வருடமாக நூரியின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஆட்கள் வந்தார்கள். படகோட்டி ஒருவர், மகளுக்கு மாசிலாமணி அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்ததை மறக்காதவர். பச்சை. மாசிலாமணியை முன்பின் பார்த்திராத ஒரு தையல்காரம்மா, படிவக் கதையைக் கேட்டு இரண்டு நாள் சிரித்தவர். பச்சை. பவுலின் தன் சந்தைக்காரிகள் பதினோரு பேரைத் தரதரவென்று இழுத்துவந்தாள். பத்து பச்சை, ஒரு சிவப்பு. சிவப்பு விழுந்தவள், "நாத்தனாரு கூப்பிட்டான்னு வந்தேன், எனக்கு அவரத் தெரியாதுல்லா," என்று வெட்கப்பட்டுக்கொண்டு போனாள்.

கணக்கு இன்னும் வேகமாக ஏறியிருக்கும். ஏறவிடாமல் செய்தது நூரிதான். கையை வைக்கப்போகிறவரை நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் சொன்னாள்: "உங்க பேரு பதிவாகும். நாளைக்கு உங்க தண்ணி குறையலாம். தெரிஞ்சுதானே செய்றீங்க?" அதைக் கேட்டு ஆறு பேர் திரும்பிப் போனார்கள். ஆறாவது ஆள் போனதும் பவுலினுக்குப் பொறுக்கவில்லை.

"ஒனக்குக் கிறுக்காளா புடிச்சிருக்கு? வந்த மனுசன வாசல்லயே வெரட்டுத. கைய வச்சதுக்கப்புறம் சொன்னா ஆகாதா?"

"தெரியாம வச்சா அது அவங்க மனசு இல்லையே, அக்கா."

"நல்லாச் சேந்தீக ரெண்டு பேரும்! புருசன் விடுதலைச் சீட்டத் திருத்தப் போனாரு, பொண்டாட்டி மனுக்காரன எச்சரிக்கப் போறா!" பவுலின் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை நூரி பார்த்தாள்.

மாலை ஆனது. முப்பத்தொன்பது. கூடத்தில் வேறு யாரும் இல்லை. பவுலின் தெருவில் இறங்கித் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். சன்னல் வழியாகப் பார்த்தால் சூரியன் கடலைத் தொட ஒரு சாண் இருந்தது. காலையிலிருந்து தண்ணீர் படாத நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நூரி பிரார்த்தனையைக்கூடப் பாதியில் மறந்தாள். ‘அந்த ஆறு பேரில் ஒருத்தரையாவது சும்மா விட்டிருக்கலாமே’ என்ற நினைப்பு வந்தது. வந்ததை அவள் மறைத்துக்கொள்ளவில்லை. முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

சாளரத்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வேதாசலம் வெளியே வந்து, கூடத்து மெய்மானியின் முன் நின்றார்.

"அயலார் எவரும்னுதான் சட்டம் சொல்லுது. அதிகாரி கூடாதுன்னு போடல," என்றார் யாரையும் பார்க்காமல்.

நூரி எழுந்தாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஐயா, உங்களுக்கு வேலையே போகலாம்."

"எனக்குச் சட்டம் சொல்லித் தர்றியாம்மா நீ?" கைகளைத் தகட்டில் பதித்து, அலுவலகக் குரலில் சொன்னார்: "மாசிலாமணி விடுதலையாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்."

சிவப்பு.

பவுலின் வாயைப் பொத்திக்கொண்டாள். வேதாசலம் விளக்கையே வெறித்துப் பார்த்தார். காது மடல்வரை அவர் முகம் கறுத்துப்போனது.

"விட்டுடுங்க ஐயா," என்றாள் நூரி மெதுவாக. "மனசு வராம நீங்க சொல்ல வேண்டாம். வந்து நின்னதே பெருசு."

"சும்மா இரும்மா!" என்று கத்தினார். பிறகு கைகளை எடுக்காமலே பேசத் தொடங்கினார். அது இப்போது அலுவலகக் குரல் இல்லை. "அந்த மனுஷன் மேல எனக்குக் கோபம். என் வாழ்க்கையில நான் ஒருத்தருக்கு ரிஸ்க் எடுத்து நல்லது செஞ்சது ஒரே ஒரு தடவை. அதைக் கொண்டாந்து என் மேசை மேலயே வச்சுட்டுப் போயிட்டாரு. தினம் காலையில எந்திரிச்சதும் அதே நினைப்பு. ஏன் திரும்பி வந்தீர்னு அவரை நேருக்கு நேரா நான் கேக்கணும். தூரத்திட்டுக்குப் போயிட்டா யாருகிட்டக் கேப்பேன்? அவரு வெளிய வரணும். எனக்குப் பதில் சொல்லணும். வரணும்னு மனசார விரும்புறேன்."

பச்சை எரிந்தது.

சூரியன் பாதி மூழ்கியிருந்தபோது மாசிலாமணியைக் கூட்டிவந்தார்கள். மெலிந்திருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. நூரியைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் நோன்பு முடிக்கலதானே?" என்று மட்டும் கேட்டார்.

வேதாசலம் குறுக்கே வந்து நின்றார். "ஏன் திரும்பி வந்தீர்?"

மாசிலாமணி அவரை அடையாளம் கண்டுகொண்டார். "நான் யாருங்கிறதை மறைக்கக் கூடாது, அது என் பாடு. ஆனா அந்தச் சீட்டுல பொய்க்குக் கீழ உங்க கையெழுத்து இருந்துச்சு ஐயா. எனக்கு இரக்கப்பட்டவரோட பேரு ஒரு பொய்க்குக் கீழ இருக்க வேணாம்னு தோணுச்சு. அதனால உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் வரும்னு நான் நினைக்கல. அது என் தப்பு. மன்னிச்சிருங்க."

வேதாசலம் சாளரத்துக்குள் போய், விடுதலைப் படிவத்தை எடுத்து வெகுநேரம் குனிந்து எழுதினார். பிறகு மேசை மெய்மானியில் கை வைத்து, "இந்தப் படிவத்தில் உள்ளது உண்மை" என்றார். பச்சை எரிந்தது. படிவம் வெளியே வந்தது.

மாசிலாமணி சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். பவுலின் கண்ணை மூடிக்கொண்டு, "ஏசுவே, இந்த மனுசன் மறுபடியும் படிக்காரே," என்று முணுமுணுத்தாள்.

"ஐயா, இந்தப் படிவத்துல..."

"பிழை இல்ல. நல்லாப் பாருங்க."

நான்கு கட்டங்களுக்குக் கீழே, மையில், அடிக்கோல் வைத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்திருந்தது. பக்கத்தில் ‘பஹாய்’ என்று எழுதி, உள்ளே ஒரு கோடு. கட்டம் எத்தனை என்று மெய்மானிக்குத் தெரியாது. சொன்னது உண்மையா என்று மட்டுமே அதற்குத் தெரியும். மாசிலாமணி அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார், பிறகு எடுக்கவே இல்லை.

சூரியன் மறைந்தது. அவர்களுக்கு அது புது வருடத்தின் முதல் பொழுது. பவுலின் கூடவே கொண்டுவந்திருந்த தன் குடத்திலிருந்து இரண்டு குவளை ஊற்றிக்கொடுத்தாள். நூரி குடித்த முதல் மிடறு நெஞ்சுவரை குளிர்ந்தது.

"இன்னும் எட்டுப் பேரு உள்ள இருக்காங்க ஐயா," என்றார் மாசிலாமணி, குவளையைக் கீழே வைக்காமலே.

"தெரியும்." வேதாசலம் இன்னும் எட்டுப் படிவங்களை மேசையில் பரப்பி, அடிக்கோலை மறுபடி எடுத்தார். முதல் கோட்டை இழுத்துக்கொண்டே சொன்னார்:

"நாளைக்கு வாங்க. நாப்பது பேரைத் தேடி அலைய வேண்டாம். முப்பத்தொம்பது போதும்."