படகுக்காரன் அழைப்பு

கிணற்றடியில் நின்ற ஆள் இம்மியும் அசையவில்லை. ஆனால் அவனிடமிருந்து வந்த சத்தம் நேற்றைவிடக் கிட்டத்தில் கேட்டது.

ஷாஹினாஸ் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டாள். வெட்டவெளியில் அடிக்கும் காற்று, அதற்குள் கனத்த துணி ஒன்று நிதானமாக உதறிக்கொண்டே போவதுபோல் ஒரு சத்தம், அதற்கும் அடியில், கேட்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவில், யாரோ மணலில் கால் பதித்து நடக்கும் சரக் சரக். நேற்று வெறும் காற்று மட்டும்தான் இருந்தது. திரையில் அவன் நின்றது கல் பாவிய தரையில். அங்கே மணலே கிடையாது. ஆகவே இது விளையாட்டின் சத்தம் இல்லை, ஆடுகிறவனின் மைக்கிலிருந்து வருவது. எங்கேயோ ஒருவன் மைக்கை மாட்டிக்கொண்டு பாலைவனத்தில் நடக்கிறான் என்றே வைத்துக்கொண்டாலும், எதற்காக நடக்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

விளையாட்டின் பெயர் ‘ஏழு கிணறுகள்’. வாளும் மந்திரமும் ஜின்களும் நிறைந்த ஓர் உலகம். இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து ஆளுக்கொரு வேடம் கட்டி ஆடுவார்கள். அரபு சர்வரைச் சோதனைக்காகப் போன வருடமே திறந்துவிட்டார்கள். பெருநாளுக்குப் பிறகு முறையாக வெளியிடப்போகிறார்கள். அதற்குள் ஆடிப் பார்த்து, குறை நிறை எழுதி, மதிப்பெண் போடுவது ஷாஹினாஸின் வேலை. கெய்ரோவில் அவள் விமர்சனத்துக்கென்றே ஒரு கூட்டம் உண்டு. வாள்சண்டைக்கு எட்டு போட்டிருந்தாள். கதைக்கு ஐந்து, அதுவும் பாவம் பார்த்து. ஓநாய்த் தோல் கொண்டு வா, மூலிகை பறித்து வா என்று வளர்ந்த மனுஷியை எடுபிடியாக்கி அலையவிடும் கதைக்கு அதற்கு மேல் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மிச்சமிருந்தது குரல் பகுதி மட்டும். இந்த விளையாட்டில் குரலுக்கு ஒரு விதி இருந்தது. உன் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவரின் மைக் உரக்கக் கேட்கும். விலகி நடந்தால் தேய்ந்துகொண்டே போய் அற்றுவிடும். அந்த விதி வேலை செய்கிறதா என்றுதான் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் நான்காம் மாடியில் அவள் வீடு. பிற்பகலின் அஸர் தொழுகை முடிந்து நேரமாகிவிட்டது. அடுப்பில் முலூகியா கீரை கொதித்து இறங்கி, பூண்டும் கொத்தமல்லியும் தாளித்த மணம் வீடு முழுக்க நின்றது. நோன்பு வைத்திருக்கும் வயிற்றுக்கு அந்த மணம் ஒரு வாதை. கூடத்தில் மகள் ஜுமானா தட்டுகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. ஏழு வயது, அரை நோன்புதான் பிடிப்பாள், ஆனால் முழு நோன்பாளியின் அதிகாரம் பண்ணுவாள்.

ஷாஹினாஸ் தன் பாத்திரத்தை ஓட்டினாள். மருத்துவச்சி வேடம், பச்சை அங்கி, கையில் கோல். கிணற்றடியை விட்டுக் கடைவீதி வழியாகப் பாலத்தைக் கடந்து, வரைபடத்தின் மறுகோடியில் இருந்த பனிமலைக்கே கொண்டுபோய் நிறுத்தினாள். சத்தம் இந்நேரம் செத்திருக்க வேண்டும்.

சாகவில்லை. காற்று நின்றிருந்தது. அதற்குப் பதில் வண்டிகள். ஒன்றையொன்று முந்தும் ஹாரன்கள், லாரியின் பிரேக், பிறகு யாரோ மைக்ரோபஸ் வாசலில் தொங்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவது: ‘ஷுப்ரா, ஷுப்ரா, ஷுப்ரா!’

அவள் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. இந்த ஊர்க்காரன்தானா இவன்? ஷுப்ராவுக்கு நாளைக்கு லட்சம் பேர் வருகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ‘தூரக் கணக்கு வேலை செய்யவில்லை, பெரிய குறை’ என்று குறித்தாள்.

“என்ன டாக்டரம்மா, பனிமலையில குளிர் காயப் போய்ட்டீங்களா?”

ரம்ஸியின் குரல், தூரக் கணக்கில்லாத குழு இணைப்பில். அவர்கள் குழுவின் தலைவன். மின்யாவில் மருந்துக்கடை வைத்திருப்பவன், கிப்தி கிறிஸ்தவன். அந்தியில் மஃரிப் பாங்கு கேட்டதும் குழுவில் எல்லாரும் பாத்திரங்களைக் கிணற்றடியில் நெருப்பைச் சுற்றி உட்காரவைத்துவிட்டு நோன்பு திறக்க ஓடுவார்கள். மைக்கை மட்டும் அணைக்க மாட்டார்கள். வெளிநாட்டில் தனியாகக் கிடக்கிறவர்கள் அந்தக் கரண்டிச் சத்தத்தையும் பிள்ளைகளின் கூச்சலையும் கேட்டுக்கொண்டே சாப்பிடட்டும் என்று ஒரு பழக்கம். அவர்கள் திரும்பும்வரைக்கும் உட்கார்ந்திருக்கும் பாத்திரங்களைக் கொள்ளைக்காரர்கள் தொடாமல் ரம்ஸி வாளோடு காவல் நிற்பான்.

“குரலைச் சோதிக்கிறேன் ரம்ஸி. உனக்குப் பசிக்கலையா?”

“எங்களுக்கும் ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்புதான் அக்கா. உங்களுக்காவது ராத்திரியானா கறி. எங்களுக்கு ராத்திரியும் அவரைப் பருப்புதான், கர்த்தர் பாத்துக்கட்டும்.”

அவள் சிரித்தாள். பிறகு கேட்டாள்: “அந்த ஏழாவது கிணத்துகிட்ட ஒருத்தன் நிக்கிறானே, தலைக்கு மேல பேர்கூட இல்லாம. அவன் யாரு?”



“சர்வர் திறந்ததுலேர்ந்து அது அங்கதான் நிக்குது. நாங்க யாரும் பேச்சுக் குடுக்கிறதில்ல. ஏன், நீங்க பேசினீங்களா?”

“நேத்து பாங்கு சொன்னப்ப, எழுந்து போறதுக்கு முன்னாடி, ‘வாங்க, எங்ககூட நோன்பு திறக்கலாம்’னேன். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். கெய்ரோவில் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரன்கூட அரை ரொட்டியைப் பிரிக்கும்போது ‘வாங்க சாப்பிடலாம்’ என்பான். சொல்லாதவன் வளர்ப்பு சரியில்லை. கேட்டவன் நெஞ்சில் கைவைத்து, ‘கை நிறையட்டும்’ என்று விலகிக்கொள்வான். நைல் நடுவில் போகிற படகுக்காரன் கரையில் நிற்பவனைப் பார்த்து விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி. அவன் வர முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அதற்குப் பெயரே படகுக்காரன் அழைப்பு.

“படகுக்காரன் அழைப்புதானே ரம்ஸி. என்ன இப்ப?”

“நமக்கு அது தெரியும் அக்கா. அதுக்குத் தெரியணுமே.” அவன் குரலில் கிண்டல் போய்விட்டது. “போன ரமலான்ல மன்ஸூராவுலேர்ந்து ஒரு பொண்ணு, நல்லா ஆடும், உங்கள மாதிரியே கூப்பிட்டுச்சு. மறுநாள்லேர்ந்து வரல. ஆனா அதோட மைக் மட்டும் ரெண்டு நாள் திறந்தே கிடந்துச்சு. நாங்க எல்லாம் கேட்டோம்.”

“என்ன கேட்டீங்க?”

“விடுங்க. கதவைப் பூட்டிட்டு வீட்டுக்காரர்கூட இருங்க. அவர் வந்துட்டாரா?”

வரவில்லை. ஷாஹினாஸ் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஹெட்போனில் வண்டிச் சத்தம் அடங்கி, பித்தளைத் தட்டுகள் இரண்டு மோதும் ஒலி எழுந்தது. சிங் சிங், சிங். தெருமுனையில் புளிச் சர்பத் விற்கிறவரின் தாளம். எல்லா விற்பனைக்காரனும் தட்டுவான், ஆனால் இவர் மட்டும் மூன்றாவது தட்டைக் கொஞ்சம் இழுத்து, தாமதித்துத் தட்டுவார். அவளுக்கு அந்தத் தாமதம் தெரியும். கல்யாணமாகி வந்ததிலிருந்து கேட்கிறாள்.

அந்த ஆளின் மைக்கை ஒலியில்லாமல் செய்தாள். சிங்.

விளையாட்டை மூடினாள். திரை கறுத்தது. சிங்.

கம்ப்யூட்டரின் சுவிட்சையே அணைத்தாள். விசிறியின் இரைச்சல் இறங்கி அடங்கியது. அணைந்த பெட்டியோடு கோர்த்திருந்த ஹெட்போனில், இஸ்திரிக்கடை ரேடியோவில் ஓதும் குர்ஆன் கேட்டது. அது நெருங்கியது. பக்கவாட்டில் வந்தது. பின்னால் போனது. யாரோ அந்தக் கடையைக் கடந்து நடந்திருக்கிறார்கள்.

ஹெட்போனைப் பிடுங்கி மேசைமேல் எறிந்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். சந்தின் குறுக்கே கட்டிய வண்ணக் காகிதங்களும் விளக்குச் சரங்களும் காற்றில் ஆடின. கீழே ஈ காக்கை இல்லை. நோன்பு திறக்கும் நேரத்துக்கு முந்திய அந்தச் சில நிமிடங்களில் கெய்ரோ முழுக்க ஒரே வீச்சில் வீட்டுக்குள் போய்விடும். கூப்பிட்டால் எட்டிப்பார்க்க ஒரு தலை இருக்காது. சர்பத்காரரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார்.

“ஜுமானா! இங்க வா.”

“தட்டு வைக்கிறேன் உம்மா.”

கூடத்துக்குப் போனாள். மேசை அழகாகத்தான் இருந்தது. பேரீச்சம்பழம், பால், ரொட்டிக்கு மேல் துணி. தட்டுகள் நான்கு.

“நாம மூணு பேர்தானே. இது யாருக்கு?”

“விருந்தாளிக்கு.” ஜுமானா ஆச்சரியமாகப் பார்த்தாள். “நேத்து நீங்கதான கூப்பிட்டீங்க? நான் கேட்டேனே.”

ஷாஹினாஸ் அந்தத் தட்டை எடுத்துச் சமையலறையில் போட்டாள். அது விழுந்து உடைந்தது. வாசல் கதவைப் பூட்டினாள், மேல்தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது பாதியில் நின்றது. பல மாதமாகவே அது அப்படித்தான். சரி செய்யச் சொல்லிக் கணவன் ஹாத்திமிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறாள். உள்ளங்கையால் குத்தினாள். நகரவில்லை.

நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் பீரங்கி தூரத்தில் முழங்கியது. எல்லாப் பள்ளிவாசல்களிலிருந்தும் பாங்கு ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து சந்தை நிறைத்தது. சுவர்களுக்கு அப்பால் வீடு வீடாகக் கரண்டிகள் பேச ஆரம்பித்தன. அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் போன் அடித்தது. ஹாத்திம்.

“ஷாஹி, வந்துட்டேன். பாலத்துல ஒரே நெரிசல். பசங்க வண்டிக்குள்ள பேரீச்சம்பழம் எறிஞ்சாங்க, அதை வச்சுத்தான் திறந்தேன்.” மூச்சு வாங்கியது. “லிஃப்ட் போச்சு. நடந்து வர்றேன்.”

“எங்க இருக்கீங்க?”

“ரெண்டாவது மாடி. பல்பும் இல்ல, ஒரு இழவும் தெரியல. ஆமா, நீ விருந்துக்கு ஆள் கூப்பிட்டிருக்கேன்னு சொல்லவே இல்லையே?”

அவள் பாதியில் நின்ற தாழ்ப்பாளை மறுபடி குத்தினாள்.

“படிக்கட்டுல பாவம், இருட்டுல நின்னுட்டு இருந்தார். உன் பேரைச் சொன்னார். ரொம்பத் தூரத்துலேர்ந்து வர்றாராம், அதுவும் நடந்து. கூட்டிட்டு வர்றேன்.”

“வேணாம். ஹாத்திம். அவனை விட்டுட்டு நீங்க மட்டும் வாங்க. ஓடி வாங்க!”

“உஷ்! மெதுவா.” அவன் குரலைத் தாழ்த்தினான். “பக்கத்துலதான் இருக்கார். நோன்பு திறக்கிற நேரத்துல வாசல்வரை வந்தவரைப் போகச் சொல்லுவாங்களா? என் மானத்தை வாங்காத.”

போன் அணைந்தது.

படிக்கட்டில் ஹாத்திமின் செருப்பு. மூன்றாவது மாடி. இன்னொரு காலடிச் சத்தம் இல்லை. துணி உதறும் சத்தம் மட்டும் இருந்தது. கனத்த துணி. நிதானமாக.

“ஜுமானா, உள்ள போ. ரூம்ல போய்ப் பூட்டிக்க.”

“வாப்பா வர்றாங்க!”

“போடி!”

பிள்ளை அசையவில்லை. அவளைத் தூக்கப் போனால் கதவை விட வேண்டும். கதவைப் பிடித்தால் பிள்ளை நடுக்கூடத்தில் நிற்கிறது. ஷாஹினாஸ் கதவில் தோளைக் கொடுத்து நின்றாள். சாவி உள்ளே நுழைவது தோளில் தெரிந்தது. ஒரு சுற்று. இரண்டாவது சுற்று.

கதவைத் தள்ளியது ஹாத்திமாக இருக்க முடியாது. அத்தனை கனமாக அவன் தள்ளியதில்லை. அவள் சுவரோடு போய் விழுந்தாள்.

ஹாத்திம் உள்ளே வந்தான். சிரித்த முகம். பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, கதவை முழுக்கத் திறந்து பிடித்து, இருட்டைப் பார்த்து, “வாங்க, வாங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க” என்றான்.

வாசலில் யாரும் இல்லை. ஷாஹினாஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். யாரும் இல்லை.

கூடத்து விளக்கின் வெளிச்சம் வாசற்படியில் விழுந்தது. ஹாத்திம் பக்கவாட்டில் திரும்பினான். எதையோ பார்த்தான். சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

ஜுமானா வழிவிட்டு நின்றாள். தலையை உயர்த்தினாள். வாப்பாவின் உயரத்துக்கு. அதற்கும் மேலே. கூரையை முட்டும்வரை அவள் பார்வை ஏறியது. கழுத்து முழுக்கப் பின்னால் சாய்ந்துவிட்டது.

சொல்லிக்கொடுத்திருந்தபடி பேரீச்சம்பழத் தட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள்.

பார்வை இறங்கியது. மெல்ல. எதுவோ குனிகிறது. குனிந்துகொண்டே வருகிறது. பார்வை அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. நெற்றியில் கிடந்த மயிர் முன்னும் பின்னும் அசைந்தது. மூச்சுக்காற்றில் அசைவதுபோல்.

“உம்மா,” என்றாள் ஜுமானா, கண்ணை எடுக்காமல். “இவங்களுக்குப் பேரீச்சம்பழம் வேணாமாம்.”