நடவு போடாத மூலை

திருவாரூருக்கு வெளியே இருந்த அந்த ஆய்வுக்கூடத்துக்குள் இர்ஃபானா நுழைந்தபோது மாலை நான்கு மணி. வெளியே இன்னும் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே சேற்று வாடை.

வாடை வர வழியே இல்லை. வயல் சேற்றின் நுண்ணுயிரிலிருந்து அவள் பிரித்தெடுத்த நொதி, காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மின்முனையில் ஒட்டியிருந்தது. ஹைட்ரஜனைத் தின்று மின்சாரம் தரும். துளிக் காற்றுப் பட்டாலும் செத்துப்போகும், அவ்வளவு ரோஷம் அதற்கு. எழுபத்திரண்டு மணி நேரம் தாங்கினால் இவளுக்கு முனைவர் பட்டம். இல்லையென்றால் நான்கு வருட உழைப்பும் பாழ். இன்னும் இரண்டே மணி நேரம்தான் பாக்கி.

பெட்டியின் முகப்பில், கை நுழைக்க இரண்டு ரப்பர் உறைகள். உள்ளே அழுத்தம் கூடுதல் என்பதால் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

திரையில் மின்னோட்டக் கோடு நேராக ஓடவில்லை. ஏறியது. இறங்கியது. ஏறியது.

மூச்சு மாதிரி.

உரம் ஏதும் கலந்திருக்குமோ என்று குடவாசலுக்குப் போன் போட்டாள். சேறு எடுத்த வயல் சாரங்கபாணியுடையது.

"உரம் கிடக்கட்டும்மா. எந்த எடத்துல அள்ளுனீங்க?"

"நடவு இல்லாம ஒரு மூலை கிடந்துச்சுங்களே, அங்கதான். பயிரை மிதிக்க வேணாமேன்னு."

நல்ல மனசுதான். அதுவே வினையாகிவிட்டது.

சாரங்கபாணி குரலைத் தாழ்த்தினார். "அது தூர்ந்த கெணறும்மா. நடவுக்கு வந்த ஜெயபாரதி அதுல அமுங்கிட்டா. கை மட்டும் வெளிய நின்னுச்சு. போய் இழுக்க எங்க யாருக்கும் தைரியம் வரல. அந்தச் சேத்த இப்பவே கொண்டாந்து அங்கேயே போட்டுருங்க."

"ரெண்டு மணி நேரம் பொறுங்க ஐயா."

"உங்க இஷ்டம்."

பயம்தான். ஆனால் பட்டமும் வேண்டுமே. மின்முனையைச் சரிசெய்து பார்க்கலாமென்று வலது உறைக்குள் கையை விட்டாள்.

உள்ளே ஏற்கெனவே விரல்கள் இருந்தன.

சில்லென்று, சேற்று வழவழப்போடு, அவள் விரல்களைக் கோத்துப் பிடித்தன.

வெடுக்கென்று உருவிக்கொண்டாள். "விட்டுடுக்கா, ஒன்ன அங்கேயே கொண்டு விட்டுடுறேன்" என்று முணுமுணுத்தபடி பெட்டிக் கதவுகளைத் திறந்துவிட்டாள். காற்றுப் புகுந்தது. கோடு சரிந்து பூஜ்யத்தில் கிடந்தது. நான்கு வருடமும் போயிற்று. அழுகை வந்தது, கூடவே நிம்மதியும். மிச்சச் சேறு இருந்த புட்டியைப் பையில் வைத்தாள்.

அழுத்தம் போனதும் இடது உறை துவண்டு தொங்கியது.

வலது உறை தொங்கவில்லை. நீட்டியபடியே நின்று, விரல்களை விரித்து விரித்து மடக்கியது, இந்தத் தடவையாவது பிடித்து இழு என்பதுபோல.