ரெஜினாவின் தப்புகள்

காலைச் சிற்றுண்டிக்கு முன்பே அமல்ராஜ் நீச்சல் கற்றுக்கொண்டுவிட்டான். செவ்வாய்க் குடியிருப்பில் நீந்தக் குளம் கிடையாது. ஆனாலும் புதிதாக ஒரு திறன்வில்லை வந்துவிட்டால், அதைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளாமல் யாராலும் இருக்க முடியாது. எட்டே நிமிடம், வித்தை மூளையில் ஏறிவிடும்.

அவன் மனைவி ரெஜினாவுக்கு மட்டும் வில்லை ஒத்துக்கொள்ளவில்லை. ஒட்டினால் வாந்திதான். எதையும் கையால் தொட்டு, கெடுத்து, மறுபடி செய்துதான் அவள் கற்க வேண்டியிருந்தது. வீட்டு நீரேற்றியை ஐந்து முறை பிரித்துப் போட்டிருக்கிறாள். ஐந்து முறையும் வீடெல்லாம் தண்ணீர். அமல்ராஜ் முகம் சுளிக்காமல் துடைப்பான். பக்கத்து வீட்டார் பார்த்த பார்வைதான் அவளுக்கு வலித்தது.

ஒரு நாள் குடியிருப்பின் பெரிய நீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் நின்றுபோனது. முந்நூறு பேருக்கு மிஞ்சியிருந்தது ஒரு நாள் தண்ணீர். பழுதுபார்ப்பவர்கள் பன்னிரண்டு பேர், அமல்ராஜும் அதில் ஒருவன். எல்லாரும் ஒரே வில்லையில் கற்றவர்கள். ஒரே வரிசையில் சோதித்து, ஒரே இடத்தில் திருதிருவென விழித்தார்கள். பூமியில் தயாரான வில்லைக்குச் செவ்வாயின் தூசியைப் பற்றி என்ன தெரியும்?

"நான் ஒரு தரம் பாக்கட்டுமாங்க?" என்றாள் ரெஜினா.

"பாரும்மா. இனிமே கெடுறதுக்கு அதுல ஒண்ணுமில்ல." அமல்ராஜின் உதடு காய்ந்திருந்தது.

அவள் குழாயில் காதை வைத்துக் கேட்டாள். ஒரு மூடியைத் திறந்தாள், தப்பு. இன்னொன்று, அதுவும் தப்பு. "சரி, இங்க இல்ல," என்று முணுமுணுத்தபடி நகர்ந்தாள். வில்லைக்காரர்கள் பதறினார்கள். அடுத்த வளைவில் செந்தூசி களிமண்ணாய் இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டினாள். தண்ணீர் பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது. அமல்ராஜ் அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கட்டிக்கொண்டான்.

"எப்படிம்மா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் நிர்வாக அதிகாரி.

"தப்புப் பண்ணித்தான் சார்."

அடுத்த மாதமே பிள்ளைகளுக்கு வில்லையை நிறுத்திவிட்டு, தப்புப் பாடம் தொடங்கினார்கள். ரெஜினாதான் ஆசிரியை. முதல் பருவம் முடிந்த அன்று நெஞ்சு நிறைய வெளியே வந்தவளை ஒரு தாய் வழிமறித்தாள்.

"டீச்சர், எதிர்வீட்டு நிலோஃபர் நாப்பது தப்புப் பண்ணி முதல் ரேங்க் வாங்கிட்டா. எங்க பொண்ணு ஒன்பது தப்புலயே நிக்கிறா. பரீட்சைக்கு வர்ற முக்கியமான தப்பை மட்டும் நோட்ஸா குடுத்துடுங்க. உக்கார வெச்சு மனப்பாடம் பண்ண வெச்சிடறேன்."