நீல விளக்கின் அடியில்

பால் குடிக்கிற கனவில் வாய் அசைவதுபோலத்தான் முதலில் தெரிந்தது. ஆனால் கனவு முடியவேயில்லை, பிள்ளையின் தாடை விடாமல் வெடவெடத்துக்கொண்டிருந்தது.

கோவில்பட்டியின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு நீலக் குழல்விளக்குகள் வந்தது அறுபத்தொன்பதில். மஞ்சள்காமாலை கண்ட பச்சைப்பிள்ளையைக் கண்ணைக் கட்டி அதன் அடியில் படுக்கவைத்தால் மஞ்சள் வடிந்துவிடும் என்றார் டாக்டர். மெஹராஜ் பேகத்தின் தலைப்பிள்ளை மஞ்சள் ஏறித்தான் போய்ச்சேர்ந்தது. ஆகவே இவனை மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். மஞ்சள் வடியவும் செய்தது. அதுவே அவளை உறுத்தியது. மஞ்சளோடு வேறென்ன வடிகிறது?

வெளியே கரிசலை வெடிக்கவைக்கிற பங்குனி வெயில். ஜன்னல் அடைத்த அறைக்குள் சூடேறிய தகரத்தின் வாடையும், பினாயில் நெடியும், விளக்குகளின் ஓயாத ரீங்காரமும்.

"ஏன் இப்படி நடுங்குதான்?"

"குளிருதும்மா," என்றாள் நர்ஸ் ஜானகியம்மாள்.

"இந்த வெயில்லயா?"

ஜானகியம்மாள் போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். கதவுக்கு அந்தப்பக்கம் போனதும் அவர் குரல் தணிந்தது. மெஹராஜ் கதவில் காதை வைத்தாள்.

"இந்த வெளிச்சத்துல சில பிள்ளைகளுக்கு ரத்தத்துல கால்சியம் இறங்கி இப்படி நடுக்கம் வருதோன்னு சந்தேகமா இருக்கு. கால்சியம் ஊசி நம்மகிட்ட இல்லல்லா? கடைக்கு ஆள் அனுப்புங்க. அந்தம்மாட்ட ஒண்ணும் சொல்லவேண்டாம்."

அவள் கை சுவிட்சுக்குப் போனது. அணைத்தால் மஞ்சள் ஏறும். தலைப்பிள்ளையின் முகம் நினைவில் வந்தது. கை திரும்பியது.

நடுக்கம் தாடையிலிருந்து தோளுக்கு இறங்கியது. தோளிலிருந்து கைக்கு. மணிக்கட்டு உள்ளே மடங்கியது. விரல்கள் குவிந்தன. பிரித்துவிட்டாள். மறுபடி குவிந்தன.

பிறகு, மூச்சை இழுக்கும்போது ஒரு சத்தம். சேவல்குஞ்சு கூவப்பார்ப்பதுபோல். இன்னொரு தடவை.

அப்புறம் இல்லை.

ஜானகியம்மாள் ஊசிமருந்தோடு வந்து, வாசலிலேயே நின்று எட்டிப்பார்த்தாள். "நடுக்கம் நின்னுட்டு பாத்தியாம்மா. தூங்குதான்."

மெஹராஜ் விளக்கை அணைத்தாள். ஜன்னல் கொண்டியைப் பிடித்து இழுத்தாள். வெயில் விழுந்தது.

சுவர் வெள்ளையானது. விரிப்பு வெள்ளையானது. அவள் கை மாநிறமானது.

பிள்ளை மட்டும் நீலமாகவே கிடந்தான்.