மூழ்காத கப்பலின் குழாய்

பலேர்மோ துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற அந்தப் பழைய வீட்டில் அமலினிக்கு அன்றுதான் முதல் நாள் வேலை. உள்ளே நுழைந்ததுமே தலை சுற்றியது. வீட்டுக்காரி சினியோராவின் காலஞ்சென்ற கணவர் பழைய போர்க்கப்பல் சாமான்களை வீடு நிறையச் சேர்த்திருந்தார். மனுசனுக்கு வேறு வேலையே இருக்கவில்லை போலும்! இத்தனையையும் தூசி தட்டுவது யார்?

ஹால் சுவரில் ஒரு பித்தளைப் பேச்சுக்குழாய் இருந்தது. அதன் மூடியில் ஒரு விசில். கப்பலின் அடித்தளத்திலிருந்து யாராவது ஊதினால் மேலே சத்தம் கேட்கும். மேலே நிற்பவர் மூடியைத் திறந்து பதில் சொல்லவேண்டும்.

"பிரெஞ்சுக் கப்பலுடையது," என்றாள் சினியோரா. "டாண்டன் வகை. ஒரே மாதிரி ஆறு கட்டினார்கள். முதல் உலகப் போரில் டாண்டன் சார்டீனியாவுக்கு அப்பால் ஆட்களோடு மூழ்கியது. இது மூழ்காத இன்னொன்றின் குழாய். விசில் கேட்டால் பதில் சொல்லாதே."

குழாயின் மறுமுனை வெறும் சுவரில் முட்டி நின்றது. அமலினிக்குச் சிரிப்பு வந்தது. அவள் மனமெல்லாம் றொஜரிடம் இருந்தது. சார்டீனியாவிலிருந்து வரும் பெரிக் கப்பலில் சமையலறை வேலை செய்யும் அவள் கணவன் மதியம் வந்துவிடுவான். நாளை மகளுக்கு முதல் நன்மை, கோவிலில் முதல்முறையாக நற்கருணை வாங்குவாள்.

சினியோரா கண்ணயர்ந்தாள். அமலினி நிலம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விசில் ஊதியது.

கூப்பிட்டால் உடனே குரல் கொடுத்துப் பழகிய வாய். யோசிக்கவே இல்லை, மூடியைத் திறந்துவிட்டாள்.

"ஓம், வாறன்!"

குழாய்க்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

பிறகு பலர்.

உப்பும் கரியும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. இரும்பில் இரும்பு தட்டும் சத்தம். புரியாத மொழியில் ஆண்கள் அழுதார்கள். ஐயோ, அது சந்தோசத்தில் வந்த அழுகை!

சினியோரா வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தமில்லை.

"என் கணவரும் ஒருநாள் பதில் சொன்னார். அன்று எங்கள் மகன் கடலில் இருந்தான்."

அமலினி றொஜருக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, மேல்தட்டுக்குப் போங்கோ!"

"ஏன் கத்துறீர்? கரை தெரியுது. கீழை ஆரோ கதவைத் தட்டுறாங்கள், பாத்திட்டு வாறன்."

"போகாதேங்கோ!"

தொடர்பு அறுந்தது.

ஜன்னலால் பார்த்தாள். பெரி வந்து கட்டியது. பயணிகள் இறங்கினார்கள். வேலையாட்களும் இறங்கினார்கள். கடைசி ஆளும் போனபின் இறங்குபாலத்தைத் தூக்கிவிட்டார்கள். றொஜரைக் காணவில்லை. மாதாவே, மாதாவே என்று அரற்றினாள்.

விசில் ஊதியது.

திறக்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"அமலினி," என்றது றொஜரின் குரல், மிக மெதுவாக. "கதவு திறக்குதில்லை. இஞ்சை கனபேர் நிக்கினம். நீர் வாறனெண்டு சொன்னீராம்."